சுரங்கக் கதையும் சட்ட ஏடும்

ஓர் ஊரின் வரலாறு இருவகையாக வாழ்கின்றது. மக்கள் வாய்மொழியில் வாழ்வது ஒன்று. ஏட்டிலும் பொருளிலும் வாழ்வது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதற்குக் கனடா நாட்டின் சஸ்காச்சுவான் மாநிலத்திலுள்ள மூஸ் ஜா என்னும் சிறுநகரம் தக்க சான்றாகும்.

பரந்த புல்வெளியின் நடுவே, 1882ஆம் ஆண்டில் இருப்புப்பாதையின் வருகையால் வளர்ந்த ஊர் இது. 1903இல் நகரத் தகுதி பெற்றது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் ஏறத்தாழ 33,000 பேர். நீண்ட பனிக்காலம் நீங்கிக் கோடை பிறந்ததும் வருகையாளர் திரள்கின்றனர். கட்டடச் சுவர்களில் தீட்டப்பட்ட வரலாற்று ஓவியங்களைக் கண்டபடி அவர்கள் தெருக்களில் உலவுவர்.

நகருக்குத் தெற்கே உள்ள முன்னோடிக் குடியேறிகளின் அருங்காட்சியகத்தில், கடல் காணாத அந்நிலத்தில் ஒரு கப்பல் நிற்கின்றது. பின்லாந்திலிருந்து வந்து, அம்மாநிலத்தின் வேறொரு பகுதியில் உழவராக வாழ்ந்த டாம் சுகானன், தாயகம் திரும்ப எண்ணி 1930களில் அதனைக் கட்டினார். ஆறோ பல கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. எண்ணம் நிறைவேறாமலே 1943இல் அவர் மறைந்தார். கேட்போர் கட்டுக்கதை என்றே கருதுவர். ஆயினும் கப்பலே சான்றாக நிற்கின்றது.

இதற்கு மாறானது நகரின் நிலத்தடிச் சுரங்கக் காட்சி. சிக்காகோக் கொள்ளையர் தலைவன் அல் கப்போன் அங்கு ஒளிந்திருந்தான் என்றும், சீனத் தொழிலாளர் அங்கு மறைந்து வாழ்ந்தனர் என்றும் நடிகர்கள் வழிகாட்டிகளாக வந்து நடித்துக் காட்டுவர். வருகையாளரைப் பெரிதும் ஈர்ப்பது இதுவே. எனினும், இவற்றுக்கு உறுதியான சான்று இல்லை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அவ்வாறாயின் சீனர் பட்ட துன்பமும் கற்பனைதானோ எனின், அன்று. சீனக் குடியேறிகள் மீது கனடா 1885இல் 50 டாலர் தலைவரி விதித்தது. 1903இல் அதனை 500 டாலராக உயர்த்தியது. 1923 முதல் 1947 வரை அவர்தம் வருகையையே பெரும்பாலும் தடுத்தது. மேலும், சீனர் வெள்ளையினப் பெண்களைப் பணிக்கு அமர்த்தலாகாது என சஸ்காச்சுவான் மாநிலம் 1912இல் சட்டம் இயற்றியது. மூஸ் ஜாவில் உணவகம் நடத்திய குவோங் விங் என்பவர் இச்சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பட்டார். அவர் முறைப்படி குடியுரிமை பெற்றவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1914இல் அத்தண்டனை உறுதி செய்யப்பட்டது. நீதியரசர் ஐடிங்டன் ஒருவரே மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். தலைவரிக்காகக் கனடிய அரசு மன்னிப்புக் கோரியது 2006ஆம் ஆண்டில்தான்.

சுரங்கத்தில் ஒளிந்தவராகச் சீனரைக் காட்டுவது சுவை மிக்கது. ஆனால் குவோங் விங் ஒளியவில்லை. ஊரறியக் கடை நடத்தி, சட்டத்தின் வாயிலாகவே தம் உரிமையைக் கேட்டார். மெய்ம்மையான அவ்வரலாறு கதையினும் பெருமை உடையது. தம் ஊர் வரலாற்றைத் திரட்ட முற்படும் மாணாக்கர், கேட்ட கதையை ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. அதன் அருகே சான்றையும் தேடி வைத்தல் வேண்டும். ஆசிரியர் அவர்க்குப் பழக்க வேண்டிய முதற் பயிற்சியும் இதுவேயாம்.