பீபாப் இசையும் நாகசுரமும்

ஒரு கலையின் அருமையை முதலில் உணர்வோர் அக்கலையில் தோய்ந்தவரே. ஊரும் அரசும் பின்னரே உணர்கின்றன. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் வளர்த்த பீபாப் இசை இதற்குத் தக்க சான்றாகும்.

1940களின் தொடக்கத்தில், நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், நடனக் குழுக்களில் கூலிக்கு வாசித்தோர் நள்ளிரவில் மின்டன்ஸ் என்னும் விடுதியில் கூடினர். தெலோனியஸ் மங்க், டிசி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர் முதலியோர், பழகிய பாட்டின் சுர அடுக்குகளை மட்டும் அடிப்படையாகக் கொண்டு, புதுப்புது மெட்டுகளை விரைந்து புனைந்தனர். நம் வித்துவான்களின் கற்பனைச் சுரத்தை இதனோடு ஒருவாறு ஒப்பிடலாம்.

1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவை நிறுத்தியது. ஆதலின் இவ்விசையின் இளமைப் பருவம் பெரும்பாலும் இசைத்தட்டில் ஏறவில்லை. 1945இல் தட்டுகள் பரவியபோது, ஆடுதற்கு உதவாத இரைச்சலென்று பழித்தோர் பலர். 1956இலோ அமெரிக்க அரசே கில்லெஸ்பி குழுவை அயல்நாடுகளுக்கு அனுப்பியது. பார்க்கர் அதைக் காணவில்லை. 1955இல், தம் 34ஆம் வயதில் மறைந்தார்.

பார்க்கர் வழிவந்த சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோ, 1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலி இசைக்குழுவுடன் பணியாற்றக் கோலாலம்பூர் வந்தார். அங்கே நாகசுரத்தில் மனம் பறிகொடுத்தார்; பின்னர்த் தென்னிந்தியா சென்று பயின்று, தம் இசைத்தட்டுகளிலும் அதை வாசித்தார்.

அதே நாகசுரம் சிராங்கூன் சாலைக் கோயில்களிலும் ஜூரோங் முருகன் கோயிலிலும் ஒலிக்கிறது. நாமோ அதன் எதிரே நின்று ஊர்க்கதை பேசுகிறோம். ஆசிரியப் பெருமக்கள் மாணவரை ஒருநாள் அக்கலைஞர்முன் அமர்த்திக் கேட்கச் செய்தல் நன்று.