உடன்குடி கருப்பட்டி: கூடுதல் காசு கொடுத்து வாங்கலாமா? ஒரிஜினலை கண்டுபிடிப்பது எப்படி?

திசையன்விளை பக்கம் போகிறோம் என்று சொன்னாலே போதும், "நல்ல கருப்பட்டி கெடச்சா ரெண்டு கிலோ வாங்கிட்டு வாங்க" என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். ஆனால் கடைக்குப் போனால் குழப்பம்தான். பக்கத்து பக்கத்து கடையில், ஒரே 'உடன்குடி' பெயரில், வேறு வேறு விலை. விலை அதிகமானது நிஜமாகவே ஒரிஜினலா? அந்தக் காசுக்கு அது தகுமா?

ஏன் இவ்வளவு விலை?

தேரிக்காட்டு செம்மண்ணில் வளரும் பனைகளில் இருந்து, கோடை சீசனில்தான் பதநீர் அதிகம் கிடைக்கும். பனையேறிகள் தினமும் மரம் ஏறி, பாளையை மெல்லிசாக சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் புளித்து கள்ளாகிவிடும்.

பதநீரில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் சர்க்கரை. மீதி பெரும்பாலும் தண்ணீர். அதனால் ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். அதை விடிலியில், அதாவது காய்ச்சும் குடிசையில், விறகு எரித்து மணிக்கணக்கில் கிண்டி, பாகு பதத்தில் சிரட்டையில் ஊற்றுவார்கள். மரம் ஏறும் ஆட்களும் குறைந்துவிட்டார்கள். வெல்லம் விலைக்கோ சீனி விலைக்கோ நெருக்கமாக 'ஒரிஜினல்' கருப்பட்டி கிடைத்தால், முதலில் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

கலப்படம் எப்படி நடக்கிறது?

காய்ச்சும்போதே சீனியைச் சேர்ப்பதுதான் பரவலான முறை. குறைந்த பதநீரில் நிறைய கருப்பட்டி. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

ஓரளவுக்குத்தான்.

• வாசனை: நல்ல கருப்பட்டியில் பனைக்கே உரிய மணம் இருக்கும். வாயில் போட்டால் இனிப்போடு லேசான கரிப்பும் தெரியும். வெறும் இனிப்பு மட்டும் என்றால் யோசிக்கணும்.

• உடைத்துப் பார்ப்பது: உள்ளே சீனி மாதிரி பளபளவென மின்னினால் கலப்படம் என்பார்கள். ஆனால் பதநீரே படிகமாகக் கூடியதுதான். பனங்கற்கண்டு அப்படித்தான் கிடைக்கிறது. எனவே இது உறுதியான அடையாளம் இல்லை.

• மழைக்காலம்: நல்ல கருப்பட்டி ஈரத்தை இழுத்து கசியும். எப்போதும் கல் மாதிரியே இருந்தால் சந்தேகம் வரலாம்.

• நிறம்: காய்ச்சும் பக்குவம், சுண்ணாம்பின் அளவு எல்லாம் நிறத்தை மாற்றும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

காரணம் எளிது. பதநீரிலும் கரும்பிலும் இருக்கும் முக்கிய சர்க்கரை ஒன்றேதான், சுக்ரோஸ். தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆய்வகத்தில் கார்பன் ஐசோடோப் சோதனை செய்தால் கரும்புச் சர்க்கரை சிக்கும். பனையும் கரும்பும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு. தேனில் கரும்புச் சர்க்கரையைப் பிடிப்பதும் இதே முறையில்தான்.

புவிசார் குறியீடு இருந்தால் போதுமா?

உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் பாதுகாக்க இது உதவும். ஆனால் கடையில் இருக்கும் ஒவ்வொரு கட்டியையும் யாரோ சோதித்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. பாக்கெட்டில் வாங்கினால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, சேர்மானப் பட்டியல் மூன்றையும் பாருங்கள். பட்டியலில் 'சர்க்கரை' என்று தனியாக இருந்தால் விஷயம் முடிந்தது.

சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் செய்யலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன்படி தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரையும், தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

சுகர் இருப்பவர்கள் சாப்பிடலாமா?

'கருப்பட்டி காபி சுகருக்கு நல்லது' என்பதை நம்பி அளவில்லாமல் குடிக்காதீர்கள். ஒரிஜினலாக இருந்தாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்போ வாங்கலாமா?

மணத்துக்காகவும் ருசிக்காகவும் என்றால், தாராளமாக. மருந்து என்று நினைத்து என்றால், அந்தக் காசு வீண். சீசனில், முடிந்தால் காய்ச்சும் இடத்திலேயே வாங்குங்கள். எந்த ஊர் பதநீர், எப்போது காய்ச்சியது, சீனி சேர்த்ததா என்று நேராகக் கேளுங்கள். முதலில் கால் கிலோ வாங்கி ஒரு காபி போட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்த முறையும் அதே ஆளிடம் வாங்குங்கள். சீனி கலக்காமல் காய்ச்சுபவருக்கு அந்தக் கூடுதல் காசு போய்ச் சேர்ந்தால்தான், அடுத்த சீசனிலும் அவர் பனை ஏறுவார்.