பானட்டைத் திறந்து பார்க்கும் மாநிலம்

வேறொரு அமெரிக்க மாநிலத்திலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்பவர், அங்கே குடியேறிய 20 நாளுக்குள் தம் காரை அந்த மாநிலத்தில் பதிவு செய்தாக வேண்டும். 1976-ஆம் ஆண்டு மாடலோ அதற்குப் பிந்தையதோ ஆன பெட்ரோல் கார் என்றால் பதிவுக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் கார் பெரும்பாலும் சிக்கலின்றித் தேறிவிடும். என்ஜினில் கைவைத்த கார்தான் மாட்டிக்கொள்ளும். புகைக்குழாயில் எடுத்த அளவெல்லாம் சரியாகவே இருந்தாலும், பானட்டுக்கு அடியில் அனுமதி எண் இல்லாத ஒரு காற்றுக்குழாய் இருந்தால் போதும், சான்றிதழ் கிடைக்காது. புகையை அளப்பதோடு நில்லாமல் பாகங்களின் பூர்வீகத்தையும் விசாரிக்கும் இந்த முறை உருவாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

தொடக்கம் லாஸ் ஏஞ்சலஸ் நகரம். 1943 ஜூலை 26 அன்று நகரின் மையப்பகுதியை ஒரு மஞ்சள் பழுப்பு மூட்டம் மூடியது. மூன்று தெரு தள்ளி இருப்பது தெரியவில்லை. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதால் ஜப்பான் விஷவாயுவை ஏவிவிட்டது என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். பிறகு பழி, அலிசோ தெருவில் செயற்கை ரப்பருக்காகப் பியூட்டாடையீன் தயாரித்த ஆலை மேல் விழுந்தது. ஆலையை மூடினார்கள்; மூட்டம் போகவில்லை. 1947-இல் ஆளுநர் எர்ல் வாரன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் ஒரு காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு உருவானது. அது முதலில் ஆலைகளையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களையும் பிடித்தது. கொல்லைப்புறத்தில் குப்பை எரிக்கும் அடுப்புகள் 1957-இல் தடை செய்யப்பட்டன. அப்போதும் மூட்டம் கலையவில்லை.

உண்மையான காரணத்தைச் சொன்னவர் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டச்சுக்காரரான உயிர்வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட். அன்னாசிப்பழத்தின் மணத்துக்கு எந்தச் சேர்மங்கள் காரணம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், அதே கருவிகளால் நகரத்துக் காற்றைப் பகுத்துப் பார்த்தார். எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயில் பட்டு ஓசோனாக மாறுகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் நிறுவினார். ஓசோன் பட்டால் ரப்பர் வெடிக்கும். வளைத்துவைத்த ரப்பர் துண்டில் எவ்வளவு நேரத்தில் விரிசல் விழுகிறது என்பதையே அவர் ஓர் அளவுகோலாக வைத்திருந்தார். எண்ணெய்த் தொழில் தரப்பு அவருடைய முடிவை மறுத்தது. ஆனால் விடை தெளிவாகிவிட்டது: கார்தான்.

இதில் ஒரு முரண் உண்டு. காரைப் பிரித்து வேகத்துக்காக மாற்றியமைக்கும் கலையும் இதே தென் கலிஃபோர்னியாவில்தான் வேரூன்றியிருந்தது. மியூராக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை ஓட்டி வேகம் பார்த்தார்கள். 1937-இல் அவர்களுக்கென ஒரு சங்கம் வந்தது. 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ பத்திரிகை தொடங்கியது. கார்புரேட்டரை மாற்றுவது, கேம்ஷாஃப்டைச் செதுக்குவது, புகைக்குழாயை அகலமாக்குவது எல்லாம் ஒரு தொழிலாகவே வளர்ந்தன. 1963-இல் இத்தகைய பாகங்களைச் செய்பவர்கள் ‘சீமா’ என்ற வணிக அமைப்பை நிறுவினார்கள். புகையால் கண் கலங்கிய ஊரும் என்ஜினை மாற்றிப் பார்க்கும் ஊரும் ஒன்றாகவே இருந்ததால், சட்டம் பிறகு இந்தத் தொழிலை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருந்தது.

1960-இல் மாநில அரசு வாகன மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒன்றை அமைத்தது. என்ஜினின் கிராங்க் பெட்டியிலிருந்து கசியும் வாயுவை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் வால்வு 1963 மாடலிலிருந்து கட்டாயமானது. புகைக்குழாய்ப் பக்கம் கார்க் கம்பெனிகள் எளிதில் அசையவில்லை. 1967 மாடலுக்கு முன் எதுவும் இயலாது என்றன. வாரியத்திடம் ஒரு துருப்பு இருந்தது. இரண்டு கருவிகளுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால் அப்படியொன்றைப் புதுக் கார்களில் பொருத்துவது கட்டாயமாகும் என்பது சட்டம். 1964-இல் வெளி உற்பத்தியாளர்கள் செய்த நான்கு கருவிகளுக்கு வாரியம் ஒப்புதல் தந்தது. இன்னொருவர் செய்த பாகத்தைத் தங்கள் காரில் மாட்டுவதா என்று பதறிய டெட்ராய்ட் கம்பெனிகளுக்கு, இயலாதது திடீரென்று இயன்றது. 1966 மாடல் கார்கள் ஹைட்ரோகார்பன் 275 பி.பி.எம்., கார்பன் மோனாக்சைடு 1.5 சதவீதம் என்ற வரம்புக்குள் வந்தன. வெளியார் பாகத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு மாநிலம் தன் முதல் வெற்றியை வெளியார் பாகத்தை வைத்துத்தான் பெற்றது.

1967-இல் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் பிறந்தது; அதன் முதல் தலைவர் ஹாகன்-ஸ்மிட். அதே ஆண்டு மத்திய அரசு, வாகனப் புகைக்குத் தானே நாடு முழுமைக்கும் வரம்பு வகுக்கும் என்று சட்டம் செய்தபோது, ஏற்கெனவே முன்னே போய்விட்ட கலிஃபோர்னியாவுக்கு மட்டும் கூடுதல் கடுமையான விதிகளை வகுக்க விலக்குக் கிடைத்தது. 1977-இல் மற்ற மாநிலங்கள் கலிஃபோர்னியாவின் விதிகளைத் தழுவிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்தது. சொந்தமாக மூன்றாவது விதி செய்ய மட்டும் யாருக்கும் உரிமையில்லை. இதன் விளைவாக ஒரே பெயருள்ள கார் இரண்டு வகையாக விற்பனைக்கு வந்தது: ‘கலிஃபோர்னியா கார்’, ‘49 மாநிலக் கார்’. இரண்டுக்கும் வித்தியாசத்தைச் சொல்வது பானட்டின் அடிப்புறத்திலோ என்ஜின் அருகிலோ ஒட்டியிருக்கும் ஒரு சிறு தாள்.

மாற்றியமைத்த கார்களைக் கட்டுப்படுத்தும் விதி மாநில வாகனச் சட்டத்தின் 27156-ஆம் பிரிவு. புகைக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கழற்றவோ மாற்றவோ அதன் வேலையைக் கெடுக்கவோ கூடாது. அப்படி எதையும் செய்யும் பாகத்தை விற்கவும் கூடாது. காற்று வள வாரியம் சோதித்து, புகையைக் கூட்டாது என்று ஒப்புக்கொண்ட பாகங்களுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கு ‘எக்ஸிகியூட்டிவ் ஆர்டர்’ என்ற உத்தரவாக வெளிவரும். அதன் எண், பெரும்பாலும் ‘டி’ என்ற எழுத்தில் தொடங்குவது, பாகத்தின் மேலேயே பொறித்திருக்கும் அல்லது ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். தொழிலில் இருப்பவர்கள் ‘இ.ஓ. எண்’ என்பார்கள். எண்ணை வாங்க, பாகத்தைப் பொருத்திய காரை ஆய்வுக்கூடத்தின் உருளைகள் மேல் ஓடவைத்து அளக்க வேண்டும். அதற்குப் பயன்படும் வழக்கமான ஓட்டம் 7.45 மைல், 1,372 விநாடி. அது லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் மக்கள் வேலைக்குப் போகும் விதத்தைப் பார்த்து வகுத்தது. செலவு பிடிக்கும் வேலை இது. பெரிய நிறுவனங்கள் செய்துவிடும். சிறு பட்டறைக்காரர் தம் பாகம் சுத்தமானதுதான் என்று அறிந்திருந்தாலும் எண் வாங்கப் போவதில்லை. அவருடைய பாகம் டெக்சஸில் ஓடும், ஓஹையோவில் ஓடும். கலிஃபோர்னியாவின் பரிசோதனைக் கூடத்தில் நிற்கும்.

மத்திய சட்டமும் இதைத் தடுக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. புகைக் கட்டுப்பாட்டைச் சிதைப்பதை 1970-இல் உற்பத்தியாளருக்கும் விற்பனையாளருக்கும், 1977-இல் மெக்கானிக்குகளுக்கும், 1990-இல் கார் உரிமையாளருக்கும் தடை செய்தார்கள். ஆகவே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிய கார் எந்த மாநிலத்திலும் சட்டப்படியானதல்ல. ஆனால் எட்டிப்பார்க்க ஆளில்லாத மாநிலத்தில் அது யாருக்கும் தெரியாது. நியூ ஜெர்சி 1974-லேயே புகைப் பரிசோதனையைத் தொடங்கியது. அரிசோனாவில் ஃபீனிக்ஸ், டூசான் வட்டாரங்களில் மட்டும் உண்டு. நெவாடாவில் லாஸ் வேகஸும் ரீனோவும் இருக்கும் இரண்டு மாவட்டங்களில் மட்டும். மினசோட்டா 1999-லும் ஃப்ளோரிடா 2000-லும் கைவிட்டன. 1982 முதல் நடத்திவந்த வாஷிங்டன் மாநிலம் 2020 தொடக்கத்தில் நிறுத்திக்கொண்டது. பல மாநிலங்களில் அது என்றைக்குமே இருந்ததில்லை.

கலிஃபோர்னியாவின் ‘ஸ்மாக் செக்’ 1984 மார்ச் மாதம் தொடங்கியது. இரண்டாண்டுக்கு ஒரு முறை, உரிமம் பெற்ற தனியார் பட்டறையில். அளவீட்டோடு கண்ணால் பார்ப்பதும் கருவிகள் இயங்குகின்றனவா என்று சரிபார்ப்பதும் சேர்ந்தே வந்தன. பரிசோதகர் கையில் டார்ச்சோடு குனிந்து வால்வு, குழாய், கன்வர்ட்டர் ஒவ்வொன்றையும் பானட்டுக்கு அடியில் இருக்கும் வரைபடத்தோடு ஒப்பிடுவார். புதிதாக எதையாவது கண்டால் எண்ணைத் தேடுவார். கன்வர்ட்டருக்குப் பின்னால் வரும் சைலன்சரையும் குழாயையும் மாற்றியிருந்தால் கண்டுகொள்ள மாட்டார். முன்னால் எதை மாற்றியிருந்தாலும் கேட்பார். 1998 முதல் மாசு மிகுந்த வட்டாரங்களில் காரின் ஓட்டுசக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி, மணிக்கு 15 மைல், 25 மைல் என இரண்டு வேகங்களில் சுமை கொடுத்து அளக்கத் தொடங்கினார்கள். நின்றபடி ஓடும் என்ஜினில் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு அப்போதுதான் பிடிபட்டது.

இடம்பெயர்ந்து வந்தவர்களைப் பொறுத்தவரை, மாநில அரசு 1990-இல் செய்த காரியம் தனிக்கதை. கலிஃபோர்னியாச் சான்று இல்லாத கார் முதல்முறை பதிவுக்கு வந்தால் 300 டாலர் ‘புகைமூட்டத் தாக்கக் கட்டணம்’ கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். காரின் புகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கட்டணம் ஒன்றுதான். கட்டியதால் காற்றில் ஒரு மூச்சும் சுத்தமாகவில்லை. பட்ஜெட்டில் விழுந்த ஓட்டையை வெளியூர்க்காரர் பையிலிருந்து அடைக்கும் ஏற்பாடு என்று சொன்னால் தவறில்லை. வழக்கு நடந்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கு அரசியல் சாசனம் தரும் பாதுகாப்புக்கு இந்தக் கட்டணம் எதிரானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அரசு மேலும் வழக்காடாமல், சுமார் 17 லட்சம் பேருக்கு வட்டியோடு திருப்பித் தர 66 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. கட்டணம் ஒழிந்தாலும் மற்றொரு விதி நிலைத்தது. 7,500 மைலுக்குக் குறைவாக ஓடிய 49 மாநிலக் கார் புதுக் காராகவே கருதப்படும்; கலிஃபோர்னியாவாசி அதை வெளியே வாங்கிவந்து பதிவு செய்ய முடியாது. வேறு மாநிலத்தில் வசிக்கும்போதே அங்கே பதிவு செய்த காரோடு குடிபெயர்ந்து வருபவருக்கு விலக்கு உண்டு.

என்ஜினையே மாற்றிய காரைச் சாதாரணப் பட்டறை தீர்மானிக்க இயலாது. அதற்கு ‘ரெஃப்ரீ’ என்ற நடுவர் நிலையங்கள் சமுதாயக் கல்லூரி வளாகங்களில் இயங்குகின்றன. 1990-களில் ஹோண்டா சிவிக்கின் சிறு என்ஜினைக் கழற்றிப் பெரிய ஹோண்டா என்ஜினை வைப்பது இளைஞர்களிடையே பரவியபோது நடுவர்களுக்கு வேலை பெருகியது. நிபந்தனைகள் கடுமையானவை, ஆனால் நியாயம் புரியக்கூடியவை. வைக்கும் என்ஜின் காரின் ஆண்டுக்குச் சமமானதாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். லாரி என்ஜினைக் காரில் வைக்கக் கூடாது. கொடை தந்த காரின் கன்வர்ட்டர், பெட்ரோல் ஆவி பிடிக்கும் கரிப்பெட்டி, கம்ப்யூட்டர் அத்தனையும் என்ஜினோடு வந்தாக வேண்டும்; பாதியை இங்கிருந்தும் பாதியை அங்கிருந்தும் எடுத்துக் கலக்கக் கூடாது. எல்லாம் சரியென்றால் நடுவர் ஓர் அடையாளத் தாளை ஒட்டிவிடுவார். அடுத்த முறை எந்தப் பட்டறையும் அந்தத் தாளைப் பார்த்துச் சோதிக்கும்.

கையாலேயே கட்டிய கார்களுக்கு 2001-இல் ஒரு தனிவழி திறந்தது. ஆண்டுக்கு 500 கார் மட்டும், முந்தி வருபவருக்கு முதலிடம். நடுவர் அந்தக் காரின் உடலோ என்ஜினோ எந்த ஆண்டு மாடலை ஒத்திருக்கிறது என்று பார்த்து அந்த ஆண்டையே அதற்கு வழங்குவார். எதையும் ஒத்திராவிட்டால் 1960. அறுபதுகளின் கோப்ரா வடிவத்தில் நேற்று கட்டிய கார், சட்டத்தின் கண்ணில் அறுபதுகளின் காராகிவிடும். பழைய கார்கள் மேல் இருந்த பரிவு இதற்கு அடிப்படை. 30 ஆண்டைக் கடந்த கார்களை ஆண்டுதோறும் விடுவிக்கும் ஏற்பாடு 1998-இல் வந்தது. 2004-இல் இயற்றிய சட்டம் அதை 1975 மாடலோடு நிறுத்திவிட்டது. 1976-ஆம் ஆண்டு கார் வைத்திருப்பவரின் மனக்குறை இன்றும் தீரவில்லை.

1996 முதல் நாடெங்கும் விற்ற கார்களில் வந்த ‘ஓ.பி.டி.-2’ என்ற தற்சோதனைக் கம்ப்யூட்டர் இந்தத் தேடலை என்ஜினிலிருந்து மென்பொருளுக்கு நகர்த்தியது. 2015 முதல் 2000-ஆம் ஆண்டு மாடலோ அதற்குப் பிந்தையதோ ஆன பெட்ரோல் கார்களுக்குக் கலிஃபோர்னியாவில் உருளைச் சோதனை இல்லை. பரிசோதகர் ஒரு கேபிளைச் செருகிக் காரின் கம்ப்யூட்டரையே கேட்கிறார். சக்தியைக் கூட்டுவதற்காகக் கம்ப்யூட்டரில் வேறு நிரலை ஏற்றும் ‘ட்யூனிங்’ வழக்கம் அதற்குள் பரவியிருந்தது. அதில் கன்வர்ட்டர் இல்லாததைச் சொல்லும் எச்சரிக்கை விளக்கையே அணைத்துவிடலாம். 2021 ஜூலை 19 முதல் இதற்கும் வாய்ப்பில்லாமல் போயிற்று. உற்பத்தியாளர் தந்த நிரலோ இ.ஓ. எண் பெற்ற நிரலோ இல்லாத கார், கம்ப்யூட்டர் தரும் சரிபார்ப்பு எண்ணை வைத்தே தோல்வியுறும். பரிசோதனையே இல்லாத மாநிலத்தில் ட்யூன் செய்துகொண்டு வந்தவர் பழைய நிரலை மீண்டும் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் கம்ப்யூட்டரின் தற்சோதனைப் பதிவுகள் அழிந்துபோகும். நெடுஞ்சாலை, ஊர்த் தெரு, இரவு முழுக்க ஆறிய என்ஜினைக் காலையில் கிளப்புவது எனப் பலவிதமாகச் சில நாள் ஓட்டினால்தான் அவை ஒவ்வொன்றாக நிறைவுறும். நிறைவுறாமல் பட்டறைக்குப் போனால், குறை ஏதும் இல்லாத காரும் சோதனைக்குத் தயாரில்லை என்று திருப்பி அனுப்பப்படும்.