இடைகழியும் முற்றமும்: தென்பெண்ணைக் கரையில் சிற்றறைகள் அகன்ற கதை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடபகுதியில், தென்பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்துள்ள மணலூர்பேட்டை, பெயரிலேயே தன் இயல்பைச் சொல்லிவிடும் ஊர் ஆகும்; மணல் ஆற்றையும், பேட்டை என்ற பின்னொட்டு சந்தையும் வணிகமும் கூடும் இடத்தையும் குறிக்கின்றன. தை மாதம் 5ஆம் நாள் திருவண்ணாமலை அருணாசலேசுவரர் இவ்வூர் ஆற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கொள்கிறார். தீர்த்தவாரி என்பது உற்சவத் திருமேனியை ஆற்றிலோ குளத்திலோ நீராட்டும் சடங்கு. அந்த நாளில் சுற்று வட்டாரத்து மக்கள் மணற்பரப்பில் திரள்வதும், உறவினர் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்குவதும் வழக்கம். ஓர் அறையும் ஒரு தாழ்வாரமுமே உள்ள வீட்டில் பத்துப் பேர் உண்டு உறங்க வேண்டுமானால், அந்த அறை மற்ற நாள்களில் எவ்வாறு ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது என்ற கேள்வி எழுகிறது. சிற்றறையை அகலமாகத் தோன்றச் செய்யும் கலையின் வரலாறு இப்பகுதியில் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

சிற்றறை பற்றித் தமிழில் வழங்கும் கதைகளில் மிகப் புகழ்பெற்றதும் இதே ஆற்றின் கரையில், மணலூர்பேட்டைக்குக் கீழே உள்ள திருக்கோவலூரில்தான் நிகழ்கிறது. பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் ஆகிய மூவரும் ஒரு மழை இரவில், ஒருவர் பின் ஒருவராக ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கினர் என்றும், அவ்விடம் ஒருவர் படுக்கவோ, இருவர் அமரவோ, மூவர் நிற்கவோ மட்டுமே போதுமானதாக இருந்தது என்றும், நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தபோது ஞான விளக்கேற்றித் திருமாலைக் கண்டனர் என்றும் வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. மூவர் பாடிய மூன்று திருவந்தாதிகளும் அந்த இரவில் பிறந்தவை என்பது மரபு. இடைகழி என்பது தெருவாசலுக்கும் வீட்டின் உட்பகுதிக்கும் இடைப்பட்ட குறுகிய, பெரும்பாலும் இருண்ட வழி. சில வட்டாரங்களில் இது ரேழி எனவும் நடை எனவும் வழங்கும். சமயச் செய்தியை ஒருபுறம் வைத்துப் பார்த்தால், வீட்டின் அமைப்பை நன்கறிந்தோர் வழிவழியாகச் சொன்ன கதை இது என்பது புலப்படும். இடத்தின் அளவை முழத்தாலும் அடியாலும் கூறாமல், மனித உடல் கிடக்கும், இருக்கும், நிற்கும் நிலைகளால் கூறுவதும், நெருக்கம் நீங்குவதற்குச் சுவரை இடிக்காமல் விளக்கை ஏற்றுவதும் கவனிக்கத்தக்கவை. குறளனாக வந்து உலகை அளந்தவன் நின்ற கோலத்தில் இருக்கும் ஊரில் இக்கதை வேரூன்றியதும் பொருத்தமே. ஜப்பானில் தேநீர்ச் சடங்கை வகுத்த சென் நோ ரிக்யூ, 1582ஆம் ஆண்டளவில் கியோத்தோவுக்கு அருகே இரண்டே பாய் அளவுள்ள ‘தாய்-அன்’ என்னும் அறையை அமைத்தபோது, குனிந்து நுழையும் சிறு வாயிலையும் மட்டுப்பட்ட ஒளியையும் கருவிகளாகக் கொண்டார். அது திட்டமிட்ட எளிமை, திருக்கோவலூர் இடைகழியோ அன்றாடத் தேவையின் விளைவு.

அந்தத் தேவை வீட்டின் வரிசையமைப்பில் தெளிவாகத் தெரிகிறது. ஓட்டு வீடுகளில் தெருவை ஒட்டி வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவோர் அமரும் திண்ணையும், அதனையடுத்துத் தலை தட்டும் உயரமுள்ள நிலைவாயிலும், பின்னர் நடையும், அதன் முடிவில் வானம் தெரியும் முற்றமும், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும், அப்பால் கூடமும் அமைந்தன. குனிந்து, இருளில் சில அடிகள் நடந்து, திடீரென்று ஒளி விழும் இடத்துக்கு வரும் ஒருவருக்கு, பத்தடிக்குப் பத்தடியே உள்ள முற்றமும் பெரிதாகத் தோன்றும். இடைகழி எவ்வளவு ஒடுங்குகிறதோ அவ்வளவு முற்றம் விரியும். ஆயினும் இந்த அமைப்பை ஊரெல்லாம் பொதுவானதாகக் காட்டும் இன்றைய ஏக்க எழுத்துகள் உண்மையைப் பாதியே சொல்கின்றன. முற்றம் வைத்துக் கட்டும் மனையும் செங்கல்லும் நிலமுடையோருக்கும் வணிகருக்குமே வாய்த்தன. உழைக்கும் மக்களின் குடிசை ஒற்றை அறையாகவும், மண்சுவரும் கூரையுமாகவும், சன்னல் இன்றியும் இருந்தது. அங்கு முற்றத்தின் வேலையைத் தெருவும், வேப்பமர நிழலும், வாசலில் போட்ட கயிற்றுக் கட்டிலும் செய்தன.

இருவகை வீட்டிலும் ஒன்று மட்டும் பொதுவாக நின்றது: தரையை வெறுமையாக வைத்திருப்பது. இக்காலத்து உள்ளலங்காரம் எதை எங்கே வைப்பது என்று கேட்கும். அக்காலத்து வீடு எதையெல்லாம் தரையிலிருந்து எடுத்துவிடுவது என்று கேட்டது. தயிரும் மோரும் நெய்யும் உறியில் தொங்கின; உறி என்பது விட்டத்திலிருந்து கயிற்றில் தொங்கும் தாங்கி, பூனைக்கும் எறும்புக்கும் எட்டாதது. பருப்பும் புளியும் மிளகாயும் அடுக்குப் பானைகளில், பெரியதன்மேல் சிறியதாக, பிரிமணை எனப்படும் வைக்கோல் வளையத்தின்மேல் நின்றன; ஒரு பானை நிற்கும் இடத்தில் ஐந்து பானைகள் நின்றமையால் மூலை ஒன்றே சரக்கறையாயிற்று. விதை மூட்டையும் ஏர்க் கருவியும் விழாக்காலப் பெரிய பாத்திரங்களும் பரணில் ஏறின. பரண் என்பது கூரைக்குக் கீழே மரமோ மூங்கிலோ பாவிய மேல்தட்டு. சுவரின் கனத்தைக் குடைந்த மாடக்குழியில் அகல்விளக்கும், சீப்பும், திருநீற்றுச் சம்படமும் இடம்பெற்றன. அறைக்குள் ஓர் அங்குலமும் நீட்டாத அலமாரி அது. கூரை சுவரைத் தாண்டி இறங்கும் எரவாணத்தில் அரிவாளும் கடிதங்களும் செருகப்பட்டன. துணிகள் கொடியில் கிடந்தன, குழந்தை ஏணையில் ஆடியது, பாய் விடிந்தவுடன் சுருட்டி மூலையில் நிறுத்தப்பட்டது. இவ்வாறு பகலில் உண்ணும் இடமும், நெல் உலர்த்தும் இடமும், இரவில் உறங்கும் இடமும் ஒரே தரையாக மாறி மாறிப் பயன்பட்டன. அறைக்குப் பெயர் நிலையாக இல்லை, வேளையைப் பொறுத்தே இருந்தது.

இதே முறை மேற்கே கல்வராயன் மலையில் இன்னும் இறுக்கமான வடிவில் காணப்பட்டது. அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் தமிழ் பேசுவோர். பெயரைக் கொண்டு அவர்களைக் கேரளத்தோடு இணைப்பது தவறு, மலையை ஆள்வோர் என்ற பொருளே அவர்களுக்கு உரியது. மூங்கில் தட்டியின்மேல் மண் பூசிய சுவரும், புல் வேய்ந்து நன்கு தாழ்ந்த கூரையும் கொண்ட அவர்களது பழைய வீட்டில், கூரைக்கடியில் அமைந்த பரணே களஞ்சியமாயிற்று. சாமையும் கேழ்வரகும் மேலே கிடக்க, கீழே எரியும் அடுப்பின் புகை தானியத்தைப் பூச்சியிடமிருந்தும், கூரைப்புல்லை மக்கலிலிருந்தும் காத்தது. வீட்டின் பரப்பில் ஒரு பெரும்பகுதி தலைக்கு மேலேயே இருந்தது என்று கூறலாம்.

ஒளியின் கணக்கு வேறு. அடுப்புப் புகையால் கறுத்த அறை, எவ்வளவு வெறுமையாக இருந்தாலும் ஒடுங்கியே தோன்றும். ஆதலால் போகிக்கு முன் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கம் தூய்மைக்காக மட்டும் அன்று, ஆண்டுதோறும் அறையை மீட்டெடுப்பதற்காகவும் நிலைத்தது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டு நீற்றிய வெள்ளை, வாசல் வழியே புகும் சிறிதளவு ஒளியையும் விழுங்காமல் திருப்பி அனுப்பியது. அதன் காரத்தன்மை பூச்சிகளையும் பூஞ்சையையும் விரட்டியது. சுவரின் அடியில் இழுக்கப்பட்ட செம்மண் காவிப்பட்டை, சாணம் மெழுகும்போது தெறிக்கும் கறையை மறைத்ததோடு, தரையையும் சுவரையும் பிரித்துக் காட்டி வெள்ளையை மேலும் உயர்த்தியது. மங்களூரில் பாசல் மிஷன் 1865ஆம் ஆண்டு தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய சீமை ஓடு தமிழக ஊர்களை எட்டியபோது, அதன் அச்சிலேயே வார்க்கப்பட்ட கண்ணாடி ஓடும் உடன் வந்தது. நாட்டு ஓட்டுக் கூரையில் நடுவே ஒரு துளை விடுவது ஒழுக்கை வரவேற்பதாகும். கண்ணாடி ஓடோ மழையை வெளியே நிறுத்தி வெயிலை மட்டும் உள்ளே விட்டது. சன்னல் வைக்கத் தெருவும் அயல்வீடும் இடங்கொடாத ஒற்றை அறையில், ஒரே ஒரு கண்ணாடி ஓடு செய்த மாற்றம், பின்னாளில் வந்த எந்த வண்ணப் பூச்சும் செய்யாதது.

அலங்காரம் இவற்றோடு எங்கே சேர்ந்தது என்றால், பெரும்பாலும் விளிம்பில். கோலம் வாசலிலும், மாக்கோலம் கூடத்தின் ஓரத்திலும், தோரணம் நிலையின் தலையிலும், செதுக்கு வேலை நிலைக்கால்களிலும் கதவிலும் அமைந்தன. நடு அறையின் சுவர் வெறுமையாகவே விடப்பட்டது. 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலை கோயில் சிற்ப மரபிலிருந்து வளர்ந்தது என்பது அறிந்ததே. அம்மரபில் கொடியும் யாளியும் மலரும் தேரின் பக்கங்களையும் வாயிலையும் நாடிச் செல்வதைக் கண்டோர், வீட்டின் நிலைவாயிலும் அதே இலக்கணத்துக்கு உட்பட்டது என்பதை உணர்வர். கண் முதலில் நிற்கும் இடத்தில் செல்வத்தைக் காட்டிவிட்டு, உள்ளே அதற்கு ஓய்வு கொடுப்பது அந்த இலக்கணம்.

சுவரையே திறந்துவிடும் அலங்காரமும் தமிழகத்துக்குப் புதியது அன்று. புதுக்கோட்டைச் சித்தன்னவாசலில், சிறிய குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று மீனும் அன்னமும் யானையும் பூப்பறிப்போருமாகத் தீட்டப்பட்டுள்ளது; நிமிர்ந்து பார்ப்பவர்க்குப் பாறை மறைந்து நீர்ப்பரப்பு விரிகிறது. கண்ணாடியைப் பொறுத்தவரை, திருவரங்கத்தில் நம்பெருமாள் எழுந்தருளும் கண்ணாடி அறையும், பழைய தென்னார்க்காடு மாவட்டத்து வடலூரில் இராமலிங்க அடிகளார் 1872இல் தொடங்கிய சத்திய ஞானசபையில் ஏழு திரைகளுக்கு அப்பால் விளக்கொளியுடன் தோன்றும் கண்ணாடியும் நினைவுக்கு வரும். இலண்டனில் கட்டடக் கலைஞர் சர் ஜான் சோன், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் வீட்டுச் சிறு காலையுணவு அறையில் குவியாடிகளைப் பதித்து அதை விரித்துக் காட்டினார். இன்றைய அலங்கார நூல்கள் கூறும் கண்ணாடி உத்திக்கு அதுபோன்ற அறைகளே முன்னோடி. தமிழ் வீட்டில் கண்ணாடி அந்த வேலையைச் செய்யவில்லை; முகம் பார்க்கும் அளவில், ஆணியில் சாய்ந்து தொங்கியதோடு அதன் பணி முடிந்தது. அளவிலா வெளியைக் காட்டும் உரிமை கோயிலுக்கும் சபைக்குமே விடப்பட்டிருந்தது போலும்.

தரையின் வெறுமை குலைந்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இரும்புப் பீரோவும் கட்டிலும் திருமணச் சீர்வரிசையாக வீட்டுக்குள் நுழைந்தன. இரண்டுமே இரவும் பகலும் இடம் விட்டு நகராதவை. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், அறைக்கு முதன்முறையாக ஒரு முகப்பை வகுத்தது. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து அமர வேண்டிய நிலையில், மற்ற மூன்று சுவர்களும் பொருள் சாத்தும் இடமாயின. இதே காலத்தில் கூரை வீடுகள் தளம் போட்ட வீடுகளாக மாறின. 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 20 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 215 சதுர அடி வீட்டை வகுத்தது. 2010இன் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 200 சதுர அடியையும், 2011இன் பசுமை வீடு திட்டம் 300 சதுர அடியையும், 2016இன் பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம் குறைந்தது 25 சதுர மீட்டரையும், 2024இன் கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடியையும் கொண்டன. ஒழுகாத, எரியாத கூரை ஏழைக்குக் கிடைத்தது எந்த அழகியல் இழப்பையும்விடப் பெரிய பேறு. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் தளம் தட்டையானபோது பரணுக்குரிய கூரைச் சரிவு மறைந்தது; சுவர் ஒன்பது அங்குலமாக மெலிந்தபோது மாடக்குழி குடையக் கனம் இல்லாமற்போயிற்று; எரவாணமும் விட்டமும் போனபின் உறிக்கும் ஏணைக்கும் ஒரு கொக்கியே மிஞ்சியது. பொருள்களெல்லாம் தரைக்கு இறங்கின. வீடு அளவில் வளர்ந்தும் அறை நெருங்கியதன் காரணம் இதுவே.

2024 திசம்பர் 2ஆம் நாள், பெஞ்சல் புயல் மழைக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தபோது, பொருள்களை மேலே வைக்கும் பழைய ஒழுங்குக்கு இன்னொரு நியாயமும் இருந்தது தெரிந்தது. ஆற்றங்கரையில் முதலில் நனைவது தரையில் இருப்பதே. அந்த ஒழுங்கைப் புதிய வீட்டில் மீட்க இடமும் உண்டு: கனவு இல்லத் திட்டத்தின் 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குத்தான் காங்கிரீட் தளம் கட்டாயம். எஞ்சிய 60 சதுர அடியைத் தீப்பிடிக்காத வேறு கூரைகொண்டு பயனாளி தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். ஊராட்சி ஒன்றியப் பொறியாளர்கள் அந்த 60 சதுர அடியைத் தெருவை நோக்கிய ஓட்டுத் திண்ணையாக அமைத்து, உள்ளறையில் கதவு உயரத்துக்கு மேலே சுற்றுப்பரணையும் சேர்த்து மாதிரி வரைபடத்திலேயே வரைந்து கொடுக்க வேண்டும். ஒரு கண்ணாடி ஓட்டையும் மறந்துவிடக் கூடாது.