ஒரு பள்ளிக்கு எத்தனை அணி?



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். உயர்நிலை, மேல்நிலைப் பிள்ளைகளுக்கு இணையவழியில் விவாதப் போட்டி நடத்துகிறாளாம். "ஒரு ஸ்கூலுக்கு எத்தனை டீம் விடலாம், டீச்சர்? சின்ன வகுப்பு, பெரிய வகுப்புன்னு பிரிக்கலாமா?" போனில் அவளிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் எண்ணிக்கையை முடிவு செய்தது மண்டபமும் மதியச் சாப்பாடும்தான். உலகப் பள்ளிகள் விவாதப் போட்டி 1988இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியபோது வந்தவை ஆறே அணிகள். நாட்டுக்கு ஓர் அணி என்ற விதி இன்றும் அங்கே மாறவில்லை. 2019இல் நம் இந்தியப் பிள்ளைகள் அதில் கோப்பை வென்றார்கள். 2020இல் மெக்சிகோவில் கூட வேண்டியவர்கள் கொரோனாவால் கணினி முன் உட்கார்ந்து பேசினார்கள்.

இணையத்தில் பஸ் கட்டணம் இல்லை, தங்க இடம் தேட வேண்டாம். அதனால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் போட்டி முறையில் பக்கத்துக்கு மூவர், தலைக்கு எட்டு நிமிடம், கடைசியில் பக்கத்துக்கு நான்கு நிமிடத் தொகுப்புரை. மொத்தம் 56 நிமிடம். நாற்பது அணி என்றால் ஒரே நேரத்தில் இருபது அறை. அறைக்கு மூன்று நடுவர் வைத்தால் அறுபது பேர்! பேசப் பிள்ளைகள் கிடைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்க அறுபது பெரியவர்களுக்கு எங்கே போவது? அதனால்தான் பல்கலைக்கழகங்களின் உலகப் போட்டியில் அணி அனுப்பும் கல்லூரியே நடுவரும் அனுப்ப வேண்டும் என்று வைத்தார்கள். அணி எண்ணிக்கையில் ஒன்று குறைத்து நடுவர், அதுதான் பழைய வழக்கம். 1981இல் கிளாஸ்கோவில் தொடங்கிய அந்தப் போட்டி 2014இல் நம் சென்னைக்கே வந்தது.

பிரிவு விஷயத்திலும் அவர்களிடம் ஒன்று கற்கலாம். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு அங்கே தனி இறுதிச் சுற்று உண்டு. ஆனால் முதல் சுற்றுகளில் எல்லாரும் கலந்துதான் மோதுவார்கள். வாசலிலேயே பிரிப்பதில்லை. நம் அரசுப் பள்ளிக் கலைத்திருவிழா 2022-23இல் தொடங்கியபோது 6-8, 9-10, 11-12 என்று வகுப்பு வாரியாகப் பிரித்தார்கள். பத்து வயசுப் பிள்ளை பதினேழு வயசுப் பிள்ளையோடு மோத முடியாது, அது சரி. மொழிக்கு மட்டும் வாசலில் சுவர் வேண்டாம் என்பேன்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் டவுன்ஷிப்பில் வட்டத்துக்கு வட்டம் மொழி வேறு. 1956இல் நிறுவனம் தொடங்கியதிலிருந்தே தெலுங்கு, மலையாளம், இந்தி பேசும் குடும்பங்கள் நம்மோடு இருக்கின்றன. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளின் தமிழும் வேறு மாதிரிதான்.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பேச்சுப் போட்டிக்குப் பள்ளிக்கு ஒருவர்தான் என்றார்கள். இரண்டு பிள்ளைகள் தயாராக இருந்தார்கள். ஒருவன் அதிகாரி வீட்டுப் பையன், தடுமாறாமல் பேசுவான். இன்னொருத்தி மந்தாரக்குப்பம் பக்கத்து ஒப்பந்தத் தொழிலாளியின் மகள். உச்சரிப்பு கொஞ்சம் இடறும், ஆனால் கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வாள். நான் பையனை அனுப்பினேன். "அடுத்த வருஷம் நான் போகலாமா டீச்சர்?" என்று கேட்டாள். அடுத்த ஜூனில் அவள் பள்ளிக்கு வரவில்லை. குடும்பம் ஊர் மாறிவிட்டது.

போன் செய்தவளிடம் பள்ளிக்கு இரண்டு அணி விடச் சொன்னேன். இரண்டு அணி அனுப்பும் பள்ளி ஒரு நடுவரும் தர வேண்டும். நடுவர் குறைந்தால் என்னைக் கூப்பிடு, இரண்டு மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். உங்களில் யாருக்கு ஞாயிறு மதியம் ஓய்வு இருக்கிறது? கீழே பெயர் எழுதுங்கள்.