முத்துத் துறைமுகமும் நம் முன்னோரும்

கரிசல் மண்ணில் பிறந்த நமக்குக் கடல் அயலானது அன்று. பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் தூத்துக்குடி. நம் நிலத்தில் விளைந்த பருத்தி அங்கேதான் கப்பல் ஏறியது. நம் மக்களுள் பலரும் அங்கேதான் கப்பல் ஏறினர்.

பல ஆண்டுகளாக மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாக அந்நகருக்கு அழைத்துச் சென்று வருகிறேன். ஒருமுறை கோட்டை, தேவாலயம், துறைமுகம் யாவும் காட்டி முடித்தபின், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், “ஐயா, இதுல நம்ம ஆளுக எங்க இருந்தாங்க?” என்று கேட்டான். அன்று நான் கூறிய விடை அரைகுறையானது. அதனை நிறைவாகக் கூறும் முயற்சியே இக்கட்டுரை.

பழந்துறைகள்

தூத்துக்குடிக்கு முன்பு இக்கடற்கரையில் புகழ்பெற்று விளங்கியது பாண்டியரின் கொற்கைத் துறை. தாமிரபரணி கொணர்ந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப் போக, கொற்கை இன்று கரையினின்று சில கிலோமீட்டர் உள்ளே அமைந்த சிற்றூராகிவிட்டது. அடுத்துக் காயல் சிறந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ அதன் செழிப்பை எழுதி வைத்தார். அதன் பின்னரே தூத்துக்குடி தலையெடுத்தது.

கொற்கை முத்து உரோம நாடு வரை சென்றதைப் பாடநூல்களில் படிக்கிறோம். அம்முத்தை எடுத்தவர் யார்? கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வணிகக் கையேடாகிய ‘பெரிப்ளுசு’, அங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்ததாகக் குறிப்பிடுகிறது. முத்தை அணிந்தோர் பெயர் வரலாற்றில் நின்றது. மூச்சடக்கி மூழ்கியோர் பெயர் நிற்கவில்லை. இக்கடற்கரையின் வரலாற்றைப் பயிலும்போது இதனை முதற்பாடமாகக் கொள்ளல் வேண்டும்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தனர். கடல்தொழில் புரிந்த பரதவ மக்கள் கிறித்தவ சமயம் தழுவினர். 1542இல் தூய சவேரியார் இக்கரைக்கு வந்து பணியாற்றினார். 1658இல் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றினர். 1825இல் அது நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. நூற்றாண்டுகள் தொடர்ந்த முத்துக்குளிப்பு இங்கு 1961இல் இறுதியாக நடைபெற்றது.

பாஞ்சாலங்குறிச்சித் தொடர்பு

நம் ஊருக்கும் அத்துறைமுகத்துக்கும் இருந்த உறவு வணிகத்தோடு நின்றதன்று. 1783இல் ஆங்கிலத் தளபதி புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, தூத்துக்குடி டச்சுக்காரரோடு பாளையம் செய்துகொண்ட உடன்படிக்கை உள்ளே அகப்பட்டது. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி, இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பினார். அவ்வாண்டில் பாளையத்து வீரர்கள் தூத்துக்குடியையே கைப்பற்றினர் என்பது நம் இளைஞருள் பலர் அறியாத செய்தி.

அக்கோட்டைச் சுவரை மண் சுமந்து எழுப்பியவரும், அதன் காவலில் நின்று மடிந்தவரும் யார்? கவர்னகிரியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கம் 1799 போரில் ஆங்கிலேயரின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்துத் தாமும் உயிர் நீத்தார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. தேவேந்திரகுலத்தில் தோன்றிய அவ்வீரரின் பெயர் 1997இல் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்குச் சூட்டப்பட்டபோது எதிர்ப்பும் கலவரமும் மூண்டன. முடிவில் தலைவர்களின் பெயர்கள் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் அனைத்தினின்றும் நீக்கப்பட்டன. 1986இல் சிதம்பரனார் பெயரால் அமைந்த நம் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் என வழங்கலானது இதன் விளைவே. நம்மவர் ஒருவர் பெயரைப் பேருந்தில் எழுதுவதற்கும் விடுதலை பெற்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இத்துணைத் தடை எழுந்தது. இதனை நாம் மறத்தலாகாது.

கடல் கடந்தோர்

1876இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. அதே ஆண்டில் தொடங்கி 1878 வரை தென்னகத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. இலங்கையின் மலைத்தோட்டங்களோ ஆள் வேண்டி நின்றன. நிலமற்ற ஏழைகள், அவர்களுள் பெருந்தொகையினரான ஒடுக்கப்பட்ட மக்கள், கங்காணிகளின் முன்பணத்தை நம்பிப் புறப்பட்டனர். தட்டப்பாறை முகாமில் மருத்துவச் சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்டு, பின்னர்த் தூத்துக்குடியில் கப்பல் ஏறினர். தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டே அவர்களுக்கு அடையாளம். கடன் கணக்கெழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டே அவர்களைப் பிணித்த விலங்கு. அம்முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை கொழும்புக்குச் செல்லும் தலையாய வழி தூத்துக்குடியே. முதல் வகுப்புப் பயணியும் தகரச் சீட்டுக்காரனும் ஒரே துறையில் ஏறினர். முன்னவர் பயணக்குறிப்பு எழுதினார், பின்னவருக்கு எழுதத் தெரியாது.

ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906இல் இத்துறைமுகத்தில்தான் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் அவர் வழிகாட்டுதலில் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றனர். எளிய தொழிலாளி ஒன்றுபட்டால் வெல்லலாம் என்பதை இந்நகரம் அன்றே மெய்ப்பித்தது.

காண வேண்டியவை

இளைஞர்கள் ஒருநாள் சுற்றுலா மேற்கொண்டால் பின்வரும் வரிசையில் காண்பது நலம். காலையில் பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையையும், அண்மையிலுள்ள ஆங்கிலப் படையினரின் கல்லறைகளையும் காண்க. மாண்ட ஆங்கிலேயருக்குக் கல்லறை உண்டு. மாண்ட நம் வீரருக்கு இல்லை. பின்னர்க் கவர்னகிரியில் சுந்தரலிங்கனார் நினைவிடத்தையும், ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. நினைவில்லத்தையும் வணங்கிச் செல்க.

தூத்துக்குடி நகரினுள் 1713இல் கட்டிமுடிக்கப்பட்ட பனிமய மாதா பேராலயம் உள்ளது. ஆண்டுதோறும் சூலை 26 முதல் ஆகசுட்டு 5 வரை அங்கே திருவிழா. அருகிலுள்ள பழைய துறைமுகத்தில் சரக்கேற்றும் மரத்தோணிகளைக் காணலாம். கடல் ஆழமற்றிருந்ததால் முற்காலத்தில் பெருங்கப்பல்கள் தொலைவில் நிற்க, படகுகளே சரக்கைக் கொண்டு சேர்த்தன. அக்குறையை நீக்கவே புதிய துறைமுகம் அமைந்தது. அது 1974 சூலையில் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாயிற்று, 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றது. முயல் தீவுக் கடற்கரையும் காணத்தக்கது.

இவற்றோடு உப்பளங்களையும் அவசியம் காண்க. கோடையில் விடியற்காலையிலேயே செல்ல வேண்டும். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் செறிவேற்றி, உப்புப் பூத்தபின் வாரிக் கரையில் குவிக்கின்றனர். உப்பு விளைச்சலில் குசராத்திற்கு அடுத்த நிலை தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடியினுடையது. அங்கே உழைப்போரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமுதாயத்தினர். அவர்களுள்ளும் பெண்கள் மிகுதி. உப்புநீர் காலைப் புண்ணாக்கும். வெண்மையின் கூச்சம் கண்ணைக் கெடுக்கும். மழைக்காலத்தில் வேலை இராது. அங்கே நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அத்தாய்மாரிடம் இரண்டு சொல் பேசுங்கள். அவர்தம் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கின்றனர் என்று கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டுவது

அன்பிற்குரிய இளைஞர்களே! அம்மாணவன் கேட்ட வினாவிற்கு விடை இதுதான்: நம்மவர் கோட்டைச் சுவரில் இருந்தனர், கப்பலின் அடித்தளத்தில் இருந்தனர், உப்புப் பாத்தியில் இன்றும் இருக்கின்றனர். ஏட்டில் மட்டும் இல்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம்.

இன்று நமக்கு எழுத்து உண்டு. வெள்ளிவிழாக் காணும் நம் கழகம் அதற்காகவே பாடுபட்டு வருகிறது. எனவே ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். கழக நூலகத்தில் ஒரு பதிவேடு திறப்போம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, இலங்கைக்குச் சென்ற முன்னோர் பெயர், சென்ற ஆண்டு, தோட்டத்தின் பெயர், உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைத்தோர் விவரம் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். தகரச் சீட்டோ, பழைய கடிதமோ இருப்பின் காத்து வையுங்கள். எண்பது வயதைக் கடந்தோர் நம்மிடையே சிலரே உள்ளனர், காலம் தாழ்த்தலாகாது. அடுத்த விழா மலரில் இத்தலைப்பில் எழுதப்போகும் ஆசிரியருக்கு அப்பதிவேடு பயன்படுமானால், என்னிடம் வினா எழுப்பிய அச்சிறுவனுக்கு நான் பட்ட கடன் தீர்ந்ததாகும்.