கருப்பைக்கு அப்பால்: பொது சுகாதாரம் பெண்ணைப் பார்த்த விதம்

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோருக்கு இடப்புறத்தில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தென்படும். 3,645 மில்லியன் கன அடி நீர் கொள்ளும் இவ்வேரி சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் இதன் பெயரை அறியாதார் தமிழகத்தில் இலர். ஆயினும் நாம் இங்கே பேச விழைவது ஏரியைப் பற்றியன்று. ஷிப்ட் மாறும் வேளைகளில் இதே சாலையில் வரிசையாகச் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகளைப் பற்றியும், அவற்றில் கண்ணயர்ந்தபடி செல்லும் இளம்பெண்களைப் பற்றியும்தான். நமது பொது சுகாதாரத் திட்டங்கள் இப்பெண்களை எந்தக் கண்கொண்டு பார்க்கின்றன? இவ்வினாவுக்கு விடை காண ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

ஆங்கிலேய அரசு 1868இல் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பால்வினை நோயிலிருந்து படைவீரர்களைக் காப்பதே அதன் நோக்கம். ஆனால் பதிவேட்டில் ஏற்றப்பட்டவர்களும், கட்டாயச் சோதனைக்கு ஆளானவர்களும், மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர்களும் பெண்கள் மட்டுமே. நோயைப் பகிர்ந்துகொண்ட ஆண் அச்சட்டத்தின் பார்வையில் படவேயில்லை. 1888இல் அது நீக்கப்பட்டது. அந்தப் பார்வை மட்டும் எளிதில் நீங்கவில்லை.

மறுபுறம், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் முயன்று 1885இல் தொடங்கிய கோஷா மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது. ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாமல் மாண்டுகொண்டிருந்த பெண்களுக்கு அது வாசல் திறந்தது. பெண்ணின் உடல்நலம் என்பது மருந்தை மட்டும் பொறுத்ததன்று, அம்மருந்தை அணுகும் உரிமையையும் பொறுத்தது என்பதை நம் மண்ணில் முதலில் உணர்த்திய நிகழ்வுகளுள் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

1930களில் கர்ப்பத்தடை குறித்து எழுந்த விவாதத்தில் இரு குரல்கள் ஒலித்தன. தேசத்தின் வறுமையையும் மக்கள்தொகைப் பெருக்கத்தையும் காரணம் காட்டியது ஒன்று. பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றது மற்றொன்று. இது 'குடி அரசு' ஏட்டில் பெரியார் எழுப்பிய குரல். விடுதலைக்குப் பின் அரசுத் திட்டமாக உருப்பெற்றது முதல் குரலே. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்தவர் ஆர்.ஏ.கோபாலசாமி. ஏற்கெனவே மூன்று குழந்தைகளோ அதற்கு மேலோ பெற்ற தாய்க்கு மேலும் ஒன்று பிறப்பதை அவரது அறிக்கை 'முன்யோசனையற்ற தாய்மை' என்று பெயரிட்டுக் குறித்தது. தந்தைமைக்கு அத்தகைய அடைமொழி ஏதும் கிட்டவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

ஆனால் விந்தை என்னவெனில், 1950களின் பிற்பகுதியில் ஊக்கத்தொகை தந்து ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்வதில் முன்னோடியாக நின்றது சென்னை மாநிலம்தான். பின்னர் நெருக்கடி நிலை வந்தது. 1976-77இல் நாடெங்கும் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்கு அறுவை நடந்தது. பலருக்குக் கட்டாயத்தின் பேரில். 1977 தேர்தல் தோல்விக்குப் பின் எந்த அரசும் ஆண்களைத் தொடத் துணியவில்லை. 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயர் 'குடும்ப நல'மாக மாறிற்று. சுமை முழுவதும் பெண்மீது இறங்கிற்று. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருத்தடை அறுவையைப் பின்பற்றும் மணமான பெண்கள் 37.9 விழுக்காடு, ஆண் அறுவையோ 0.3 விழுக்காடு. ஆண் அறுவை பெண் அறுவையைக் காட்டிலும் எளியது, ஆபத்துக் குறைந்தது. ஆகவே இவ்வேறுபாட்டின் காரணத்தை மருத்துவத்தில் தேடிப் பயனில்லை.

தமிழகத்தின் சாதனைகளைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாக நடந்து பேறுகாலச் சாவுகளைக் குறைத்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவி 2018 முதல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. இவை அளப்பரிய தொண்டு. ஆயினும் அந்தச் செவிலியரின் பதிவேட்டில் ஒரு பெண் பெரிதும் இடம்பெறுவது தாயாகும்போதுதான். தாயாகாதவள், தாய்மையைக் கடந்தவள், சொந்த ஊரைவிட்டு வந்தவள் ஆகியோர் அதன் ஓரங்களில் நிற்கிறார்கள்.

செம்பரம்பாக்கத்துச் சாலைக்கு இப்போது திரும்புவோம். 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150க்கும் மேற்பட்டோர் விடுதி உணவு நஞ்சானதால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சக தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்த பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. விடுதிகளும் உணவறைகளும் உரிய தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமும் ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது, நல்ல முன்னேற்றமே. அதற்கு இரு மாதங்கள் முன்பு, அதே ஆலை மணமான பெண்களைப் பணியில் சேர்க்கத் தயங்குவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

அச்செய்தி கூறியவாறு நிகழ்ந்திருப்பின் அதன் பொருளைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். சுகாதாரத் திட்டம் பெண்ணைக் காண்பது அவள் கருவுறும்போது. ஆலை அவளை வேண்டுவது அவள் கருவுறாதிருக்கும்வரை. இரண்டு இடங்களிலும் அளவுகோல் கருப்பையே. இடையில், இரவுப் பணியில் உறக்கம் கெட்டு, கழிப்பறைக்கு ஓய்வு நேரம் பார்த்து, மாதவிலக்கு வலியை விழுங்கிக்கொண்டு நின்றபடி வேலை செய்யும் உடல் யார் கணக்கில் வரும்? நோயுற்ற பின் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. நோய் வராமல் காப்பதுதானே பொது சுகாதாரம்?

பாலின சமத்துவத்தைச் சுகாதாரத் திட்டங்களில் இணைப்பது என்பது பெண்களுக்கென மேலும் ஒரு திட்டம் தீட்டுவதன்று என்பதே நமது துணிபு. கருத்தடையின் பொறுப்பில் ஆணையும் கணக்கில் சேர்ப்பதும், தாய் என்ற தகுதி இல்லாமலேயே பெண்ணை ஒரு மனுஷியாகக் கணக்கில் சேர்ப்பதும்தான் அது. ஏரியில் எத்தனை கன அடி நீர் உள்ளது என்பதை நாள்தோறும் அளந்து அறிவிக்கிறோம். அதன் கரையோரச் சாலையில் நாள்தோறும் கடந்துபோகும் இப்பெண்களின் நலத்தையும் அவ்வாறே அளக்கத் தொடங்கும் நாளுக்காகக் காத்திருக்கிறோம்.